கரண்ட் போனாலும் மறக்காத கார்டு

2016 பிப்ரவரி 9, செவ்வாய்க்கிழமை காலை, ராரோதோங்கா தீவின் அவருவா ஊரில் ஒரு தென்னை மரம் மின்கம்பியின் மேல் சாய்ந்தது. நண்பகலுக்குள் மின்சாரம் நான்கு முறை போய் வந்தது.

துறைமுகத்துக்குப் பின்னால், ஒரு காலத்தில் ஆரஞ்சுப் பழங்களைப் பெட்டியில் அடைத்துக்கொண்டிருந்த கிடங்கில் ஆட்டபாட்ட ஆவணக் கூடம் இருக்கிறது. சுற்றியுள்ள தீவுகள் எல்லாவற்றிலிருந்தும் வந்த விழா வீடியோக்கள், தேவாலயப் பாட்டுகள், பிள்ளைகளின் முடி வெட்டும் சடங்குகள், பெரியவர்கள் பாயில் உட்கார்ந்து சொன்ன வம்சக் கதைகள் எல்லாம் அங்கே ஒரு சர்வரில் இருந்தன. உள்ளே எட்டு ஹார்ட் டிஸ்க்குகள். எட்டும் சேர்ந்து ஒரே பெரிய டிஸ்க்கைப் போல வேலை செய்யும். அன்று நான்காவது முறை மின்சாரம் திரும்பியபோது, எட்டில் மூன்றை சர்வர் தன்னுடையவை என்று ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று போனால் எட்டும் போன கணக்குதான்.

கூடத்தின் பொறுப்பாளர் அகாய்தி. நாற்பத்தாறு வயது, முன்பு வானொலியில் செய்தி வாசித்த பெண்மணி. கிறிஸ்துமஸ் சமயத்தில் பெரும்பாலானவற்றைத் தனி டிஸ்க்குகளில் நகல் எடுத்து வீட்டு அலமாரியில் துணிகளுக்கு நடுவே வைத்திருந்தார். அதனால் கூடம் பிழைத்தது. விட்டுப்போனவற்றைப் பழைய டேப்புகளிலிருந்து மறுபடி ஏற்றினார். சில டேப்புகளில் பூஞ்சை படர்ந்திருந்தது. பூகாபூகா தீவுப் பெண்கள் ஒரு மாலை முழுக்கப் பாடிய பாட்டு போனது போனதுதான்.

இரண்டு வருடத்துக்கு முன்பும் இப்படி ஒருமுறை நடந்திருந்தது. எனவே மார்ச் மாதக் கமிட்டிக் கூட்டத்தில் தலைவர் தமருவா சுற்றி வளைக்கவில்லை. துறைமுக அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கப்பலைக் கரையில் மோதவிடாமல் பார்த்துக்கொள்வதே வாழ்நாள் வேலையாக இருந்த மனிதர்.

"ஆக்லாந்துல ஒரு பல்கலைக்கழகம் வாங்கி வெச்சுக்கறேன்னு சொல்லுது. குளுகுளு ரூம்பு, பெரிய ஜெனரேட்டர், ராத்திரி பகல் காவல். எல்லாத்தையும் அங்க அனுப்பிடலாம்" என்றார்.

"அனுப்பிட்டா, நம்ம பாட்டைக் கேக்க நாமளே அவங்களுக்கு மனு எழுதணும், பெரியப்பா" என்றார் அகாய்தி. அந்த ஊரில் மூத்த ஆண்கள் எல்லோரும் எல்லோருக்கும் பெரியப்பாதான்.

"எழுதினா என்ன? உனக்குத்தான் நல்லா எழுத வருமே."

"எழுதி, அவங்க அனுப்பி, அது நம்ம இன்டர்நெட்டுல ஊர்ந்து வர்றதுக்குள்ள விழாவே முடிஞ்சிரும். போன வருஷம் மௌகே தீவு ஆளுங்க படகுல வந்து இறங்கி, நேரா இங்க வந்து, தரையில உக்காந்து அவங்க அப்பா காலத்து ஆட்டத்தைப் பாத்தாங்களே. ஆக்லாந்துல எந்தத் தரையில போய் உக்காருவாங்க?"

தமருவா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பூகாபூகாப் பாட்டு எங்க உக்காந்து கேக்கறதாம் இப்போ?"

தமருவா கேட்டது நியாயம்தான். கடைசியில் கமிட்டி ஒரு வாய்ப்புக் கொடுத்தது: இயந்திரத்தைச் சரியாக அமைக்கலாம்; ஜூன் கூட்டம் வரை பார்ப்போம்; நம்பிக்கை வராவிட்டால் ஜூன் மாதமே எல்லாம் பெட்டி கட்டப்பட்டு விமானம் ஏறும்.

மறுநாள் அகாய்தி தன் ஸ்கூட்டரில் தராரோவின் கடைக்குப் போனார். தராரோ அத்தியூ தீவுக்காரர். ஆக்லாந்தில் பல வருடம் பெரிய கம்பெனிகளின் சர்வர்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லித் திரும்பி வந்தவர். இப்போது கடலோர விடுதிகளின் பில் போடும் மெஷின்களையும், மணலில் விழுந்த போன்களையும் சரிசெய்கிறார்.

"உன் மெஷினுக்கு என்ன நோய்னு சொல்லட்டுமா அக்கா? எட்டு டிஸ்க்கையும் மேய்க்கிற வேலையை மதர்போர்டு தலையில கட்டியிருக்கு. அதுக்கு ஏற்கெனவே ஆயிரம் வேலை. கரண்ட் போற நிமிஷத்துல எந்த டிஸ்க்குல எது வரைக்கும் எழுதினோம்னு அதுக்கு ஞாபகம் இல்ல. திரும்பி வந்ததும் ஒவ்வொரு டிஸ்க்கும் ஒவ்வொரு கதை சொல்லுது."

"நம்ம கமிட்டி மாதிரி."

"அதேதான். அதுங்களுக்குன்னு தனியா ஒரு தலைவர் வேணும். டிஸ்க்கை மேய்க்கிறது மட்டுமே வேலைன்னு இருக்கற ஒரு கார்டு."

"யுபிஎஸ் நல்லதா ஒண்ணு வாங்கினா போதாதா?"

"ஏற்கெனவே ரெண்டு வாங்கின. ரெண்டுக்கும் பேட்டரி என்ன ஆச்சு?"

இரண்டும் கிடங்கின் மூலையில்தான் கிடந்தன. ஒன்றின் மேல் ஒரு கோழி முட்டையிட்டு வந்தது.

தராரோ மடிக்கணினியைத் திருப்பி மூன்று கார்டுகளின் படங்களைக் காட்டினார். அதிக நேரம் ஆனது அந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான்.

"இது மொதல்ல. விலை சல்லிசு. ஆனா இதுல சொந்த மூளையும் கிடையாது, சொந்த மெமரியும் கிடையாது. மதர்போர்டு செஞ்ச அதே வேலையை வேற சட்டை போட்டுக்கிட்டு செய்யும். நம்மள மாதிரி ஆளுங்களை ஏமாத்தறதுக்குன்னே விக்கறாங்க."

"சரி, தூக்கு. அடுத்தது?"

"அடுத்தது பெரிய கம்பெனில கழட்டிப் போட்ட பழைய கார்டு. மூளை இருக்கு, மெமரி இருக்கு. எழுத வேண்டியதை மொதல்ல தன் மெமரில வாங்கி வெச்சுக்கிட்டு, அப்புறம் ஒழுங்கா எட்டு டிஸ்க்குக்கும் பிரிச்சுக் குடுக்கும். கரண்ட் போனா மெமரில இருக்கறது அழியாம இருக்க, முதுகுல ஒரு பேட்டரி."

"பேட்டரியா?"

"ஆமா. நம்ம ஊரு வெக்கையில பொரிச்ச ரொட்டி மாதிரி உப்பிடும். உப்பினது தெரியாம நீ நிம்மதியா தூங்குவ. அன்னைக்குன்னு கரண்ட் போகும்."

மூன்றாவதில் பேட்டரி கிடையாது. அதற்குப் பதிலாகக் கட்டைவிரல் அளவில் ஒரு மின்தேக்கி இருந்தது. மின்சாரம் போன கணத்தில், தனக்குள் சேர்த்து வைத்திருக்கும் கொஞ்ச மின்சாரத்தை வைத்துக்கொண்டு, மெமரியில் பாதியில் நிற்பதை எல்லாம் அழியாத வேறொரு சில்லில் எழுதிவிட்டு அணையும். மின்சாரம் ஒரு மாதம் கழித்து வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

"இதான்" என்றார் அகாய்தி.

"இதான். ஆனா ரெண்டு வாங்கணும்."

"ரெண்டா? கார்டுக்கு ஜோடி தேடறியா?"

"சிரிக்காத அக்கா. எட்டு டிஸ்க்குல எதை எங்க பிரிச்சு வெச்சிருக்குன்னு இந்த வகைக் கார்டுக்குத்தான் தெரியும். நாளைக்கு இது செத்துப்போனா டிஸ்க்கு எட்டும் நல்லா இருக்கும், படிக்க ஆளு இருக்காது. அப்போ போய் கடையில கேட்டா, அந்த மாடல் நின்னுபோச்சும்பான். இன்னைக்கே இன்னொண்ணு வாங்கி அலமாரில வெச்சிரணும். அப்புறம், பழைய டிஸ்க்கும் வேண்டாம்."

"அது ஏன்? நல்லாத்தானே ஓடுது?"

"அது வீட்டு கம்ப்யூட்டர் டிஸ்க்கு. ஒரு இடத்தைப் படிக்க முடியலன்னா விடாது. அத்தியூக்காரன் மாதிரி திரும்பத் திரும்ப முட்டிக்கிட்டே இருக்கும். கார்டுக்குப் பொறுமை கம்மி. பதில் வரலைன்னா டிஸ்க்கு செத்துப்போச்சுன்னு முடிவு பண்ணிரும். கார்டு கம்பெனியே எந்தெந்த டிஸ்க்கு ஒத்துப்போகும்னு எழுதி வெச்சிருக்கான். அதுல இருக்கறதைத்தான் வாங்கணும்."

"பெரியப்பா மூக்கால அழுவாரு."

"இப்ப அவர் ஒருத்தர் அழட்டும். அப்புறம் ஊரே சேர்ந்து அழறதுக்கு இது தேவல."

தமருவா அழவில்லை. இரண்டாவது கார்டு எதற்கு என்று கேட்டார். அகாய்தி சொன்னதும், "துறைமுகத்துல நங்கூரம் ஒண்ணுக்கு ரெண்டா வெச்சிருப்போம்" என்று கையெழுத்துப் போட்டார்.

கார்டுகள் ஏப்ரல் கடைசியில் வந்தன. அகாய்தியின் சித்தப்பா மகன் தன் பையனின் முடி வெட்டும் சடங்குக்காக ஆக்லாந்திலிருந்து வந்தார். டிஸ்க்குகளைப் பெட்டியில் போட்டு, கார்டுகள் இரண்டையும் கைப்பையில் வைத்துக் கொண்டுவந்தார். ஆக்லாந்திலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் கொண்டுவருவதுபோல அந்தப் பையில் பொரித்த கோழியும் இருந்தது.

தராரோ உறையை மூக்கருகே கொண்டுபோனார். "அக்கா, இந்தக் கார்டுக்கு மிளகு போட்டிருக்காங்க."

"சாப்பிட்டிராத. மாட்டு."

மாட்டும் வேலை ஒரு காலைப் பொழுதில் முடிந்தது. சர்வரின் பக்கத் தகட்டைக் கழற்றி, இரும்புச் சட்டத்தைத் தொட்டு உடம்பிலிருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டு, தராரோ கார்டை நீளமான துளையில் வைத்து இரண்டு பக்கமும் ஒரே அளவாக அழுத்தினார். கிளிக் என்றது. அதன் மேல் வெள்ளி நிறத்தில் சீப்புப் போன்ற உலோகத் துண்டு ஒன்று இருந்தது. கார்டின் மூளை சூடாகும். அந்தச் சூட்டை வாங்கிக் காற்றில் விடுவது அதன் வேலை. முன்னால் இருக்கும் விசிறிகள் இழுக்கும் காற்று அதைத் தடவிக்கொண்டு பின்பக்கம் வெளியேற வேண்டும். வழியில் குறுக்கே கேபிள் எதுவும் தொங்கக் கூடாது என்று தராரோ அவற்றை ஓரமாக ஒதுக்கிக் கட்டினார்.

சர்வரை இயக்கியதும், வழக்கமான திரைக்கு முன்பாகவே கார்டு தன்னுடைய திரையைக் காட்டியது. தராரோ எட்டு டிஸ்க்குகளையும் ஒரு குழுவாக்கினார். எட்டில் எந்த இரண்டு செத்தாலும் மீதி ஆறை வைத்துக் கதையை முழுசாகச் சொல்லிவிடும்படியான ஏற்பாடு. டிஸ்க்குகளைத் துடைத்துச் சீராக்கவே மறுநாள் வரை ஆனது. பிறகு அகாய்தி வீட்டு அலமாரியிலிருந்து நகல்களைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக ஏற்றினார்.

மே மாதம் முதல் சனிக்கிழமை திறப்பு. புதிதாக வருகிற எதையும், படகோ பஸ்ஸோ தையல் மெஷினோ, ஜெபம் செய்யாமல் அங்கே யாரும் பயன்படுத்துவதில்லை. போதகர் ஜெபித்தார். வந்தவர்கள் சர்வரின் முன்னால் நின்று, நான்கு குரலாகப் பிரிந்து பாடினார்கள். தமருவா சுருக்கமாகப் பேசினார். எல்லோர் தலையிலும் பூக்கிரீடம் இருந்தது. தராரோவின் தலையில் இருந்தது கொஞ்சம் பெரிதாகக் காதை மறைத்தது.

பாட்டு முடிந்ததும் தெபாயேரு அம்மாவின் பெண்கள் குழு முன்னால் வந்தது. துணியில் பூ வெட்டி வைத்துத் தைக்கும் திவாய்வாய் போர்வைகளுக்குப் பேர்போன குழு. கல்யாணப் பெண்ணுக்கும், பட்டம் பெற்றவருக்கும், கடைசிப் பயணம் போகிறவருக்கும் போர்த்துகிற போர்வை அது. கடையில் விற்பதற்காக யாரும் தைப்பதில்லை. வெள்ளைத் துணியில் சிவப்புச் செம்பருத்தி. நான்கு பெண்கள் நான்கு முனையைப் பிடித்து வந்தார்கள்.

"நம்ம பாட்டையெல்லாம் வயித்துல வெச்சிருக்கற பிள்ளை இது. வெறும் உடம்போட நிக்கலாமா?" என்றார் தெபாயேரு.

சர்வரின் மேல் போர்த்தினார்கள். பின்பக்கம் சுவரோரமாக இருந்ததால் ஒரு முனை சரியாக விழவில்லை. தராரோதான் குனிந்து அதை இழுத்து, தரை வரை சுருக்கமில்லாமல் நீவிவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு சாப்பாடு. பன்றிக் கறி, தேங்காய்ப்பாலில் ஊறிய பச்சை மீன், சேம்பு இலைக் கூட்டு, பீட்ரூட்டால் இளஞ்சிவப்பான உருளைக்கிழங்கு. தராரோ மூன்று தட்டுச் சாப்பிட்டதாகப் பெண்கள் கணக்குச் சொன்னார்கள்.

அடுத்த வாரம் ஒரு பிற்பகல் சர்வர் கீச்சென்று கத்தியது. ஒரு டிஸ்க் குழுவிலிருந்து விலகியிருந்தது. அகாய்தி போன் செய்ததும் தராரோ வந்தார். போர்வையை மரியாதையாக மடித்து நாற்காலியில் வைத்தார். தகட்டைத் திறந்தார். டிஸ்க்கைச் சோதித்தார், குறை எதுவும் இல்லை. மறுபடி சேர்த்ததும் சேர்ந்துகொண்டது. மூடினார். அகாய்தி போர்வையை மறுபடி போர்த்தினார்.

இரண்டு நாள் கழித்து வேறொரு டிஸ்க். மறுபடி வந்தார். கேபிள்களை மாற்றினார். எல்லாம் ஒழுங்காக ஓடியது. மூடினார், போர்த்தினார்கள். மறுநாள் மதியம் ஒரே நேரத்தில் இரண்டு டிஸ்க்குகள் விலகின. இன்னும் ஒன்று போயிருந்தால் பிப்ரவரிக் கதைதான்.

விஷயம் தமருவாவின் காதுக்குப் போனது. அவர் கத்தவில்லை. வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்தார்.

"மரப்பெட்டி எத்தனை வேணும்னு தச்சனைக் கேட்டு வெக்கறேன். வேண்டாம்னா கோழிக்கூடு பண்ணிக்கலாம்."

"இன்னும் ஜூன் வரல, பெரியப்பா" என்றார் அகாய்தி.

"வரல. வந்துக்கிட்டிருக்கு."

தராரோ இரண்டாவது கார்டை எடுத்தார். ஒன்றைக் கழற்றி மற்றதை மாட்டியதும், அது எட்டு டிஸ்க்குகளையும் படித்துப் பார்த்து, பழைய குழுவை அப்படியே ஏற்றுக்கொண்டது. அதில் அவருக்குக் கொஞ்சம் ஆறுதல். மறுநாள் பிற்பகல் அதுவும் கத்தியது.

"ரெண்டு கார்டும் ஒரே மாதிரி கெட்டுப்போக முடியாது அக்கா. டிஸ்க்கு எட்டும் புதுசு. கேபிள் புதுசு. நான் வந்து நின்னா எல்லாம் நல்லா ஓடுது. போனா அழுது. என்னைப் பாத்து நடிக்குதா?"

"பயமா இருக்கோ என்னவோ. உன் மூஞ்சி அப்படி."

தராரோ சிரிக்கவில்லை. கார்டு தனக்கு நடந்ததை எல்லாம் தனக்குள் பதிவு செய்துகொள்ளும். முதல் கார்டை மறுபடி மாட்டி, அதன் பதிவைத் திரையில் வரிசையாக ஓடவிட்டார். இதுவரை அவர் பார்த்தது டிஸ்க்குகள் விலகிய வரிகளை மட்டும். இந்தமுறை நடுவில் இருந்த மற்ற வரிகளையும் படித்தார். கார்டின் வெப்பநிலை. மாட்டிய நாளிலிருந்து ஒரே அளவில் இருந்தது, திறப்பு நாள் மதியத்துக்குப் பிறகு ஏறத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு முறை அவர் வந்தபோதும் இறங்கியது; அவர் போனதும் ஏறியது. டிஸ்க்குகள் விலகிய நேரங்களில் எல்லாம், கையை வைத்தால் கொப்பளிக்கும் சூடு.

அவர் திரும்பி நாற்காலியைப் பார்த்தார். அகாய்தியும் பார்த்தார். நான்காய் மடித்த போர்வை அதில் இருந்தது. மேலே ஒரு செம்பருத்தி முழுசாகத் தெரிந்தது.

"அக்கா."

"சொல்லாத."

"பின்பக்க முனையை இழுத்து விட்டது யாரு தெரியுமா?"

"தெரியும். சுருக்கம் இல்லாம நீவி வேற விட்ட."

"பன்னெண்டு வருஷம் அக்கா. காத்துப் போற வழியில ஒரு காகிதம் வெச்சாக்கூட ஆளுங்களைத் திட்டுவேன். அது துணின்னே எனக்குத் தோணல. திவாய்வாயை யாராவது துணின்னு நினைப்பாங்களா?"

போர்வையை எடுத்துவிட்டால் போதும். ஆனால் ஊர் முன்னால், ஜெபத்தோடு போர்த்தியதை யார் எடுப்பது? கிடங்கின் முன் அறையில் தினமும் யாராவது வந்து உட்காருவார்கள். போர்வை இல்லாத சர்வரை ஒரு பெண் பார்த்தால் அன்று மாலைக்குள் தீவைச் சுற்றிவரும் சாலை முழுக்கத் தெரிந்துவிடும். போர்த்தியதை உரித்தார்கள் என்பதைவிடப் பெரிய அவமானத்தை அகாய்தியால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சர்வரை அணைத்து வைத்துவிட்டு, அவர் தெபாயேரு அம்மாவின் வீட்டுக்குப் போனார்.

தாழ்வாரத்தில் ஆறேழு பெண்கள் பாயில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். அகாய்தி விஷயத்தைச் சொன்னதும் ஊசிகள் நின்றன.

"எங்க போர்வையால மெஷினு கெட்டுதுன்னு சொல்றியா?" என்றார் தெபாயேரு.

"கெடல அம்மா. மூச்சு முட்டுது."

"ஒரு வருஷம் தச்சோம். என் தங்கச்சி மகன் கல்யாணத்துக்கு வெச்சிருந்தது. அவன் கிடக்கான், பாட்டு முக்கியம்னு இங்க குடுத்தோம்."

"தெரியும் அம்மா. அதனாலதான் யாருக்கும் சொல்லாம உங்ககிட்ட வந்தேன். நீங்க போத்தினதை நான் எடுக்க மாட்டேன்."

தெபாயேரு நூலை அறுத்து, ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "வா. மூச்சு எங்க விடுதுன்னு எனக்குக் காட்டு."

எல்லாப் பெண்களும் ஸ்கூட்டர்களில் கிளம்பி வந்தார்கள். தராரோ சர்வரை இயக்கி, அது சூடேறியதும் ஒரு பக்கம் ஒதுங்கி நின்றார். தெபாயேரு அம்மா பின்பக்கம் போய், காற்று வெளியேறும் இடத்தில் உள்ளங்கையை வைத்தார். மற்றவர்களும் வரிசையாக வந்து கை வைத்துப் பார்த்தார்கள்.

"ஐயோ, அடுப்பு மாதிரி!" என்றார் ஒருவர்.

"இது போத்தாமலே இவ்வளவு சூடு" என்றார் தராரோ.

"ஜுரம் அடிக்கிற பிள்ளைக்கா இத்தனை நாளு போர்வை போத்தி வெச்சீங்க?" தெபாயேரு அம்மா அவர் பக்கம் திரும்பினார். "பெண்டுகளுக்கு மெஷினு தெரியாது, சரி. உனக்கு என்னடா கேடு? முனையை இழுத்து விட்டியே, நான் பாத்தேனே! ஆக்லாந்துல இதைத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?"

"அத்தியூக்காரன்தானே, அம்மா. மூங்கில் தோப்புல உக்காந்து குடிக்கத்தான் தெரியும்" என்றார் பின்னாலிருந்த பெண்.

"அன்னைக்கு மூணு தட்டு தின்னான். அது மூளைக்குப் போகல பாரு" என்றார் இன்னொருவர்.

தராரோ தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். அந்த அறையில் அன்று அதிகம் சிரித்தவரும் அவர்தான். தெபாயேரு அம்மா சுவரைக் காட்டினார். சர்வருக்கு நேர் எதிரே, காற்று போகிற வழிக்குத் தள்ளி. ஏணி வந்தது, ஒரு மூங்கில் கழி வந்தது. போர்வை சுவரில் ஏறியது. எடுத்ததும் அவர்கள், மாட்டியதும் அவர்கள். இனி யாரும் எதுவும் சொல்வதற்கில்லை. போகும் முன் ஒரு சின்ன ஜெபம் செய்தார்கள். அகாய்தி போட்டு வைத்து ஆறிப்போயிருந்த தேநீரைக் குடித்தார்கள்.

அதற்குப் பிறகு கார்டு கத்தவில்லை. ஆனால் தமருவாவுக்கு அது போதவில்லை.

ஜூன் கூட்டத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலை அவர் வந்தார். "சும்மா ஓடறது பெரிசு இல்ல. கடல் அமைதியா இருக்கறப்ப எல்லாருமே நல்ல மாலுமிதான். கரண்ட் போனா என்ன ஆகும்?"

"பாத்துருவோம்" என்றார் தராரோ. ஒரு பழைய விழா வீடியோவை சர்வரில் ஏற்றத் தொடங்கினார். திரையில் பச்சைக் கோடு நகர்ந்தது. "பாதி வரட்டும். நான் பிளக்கைப் புடுங்கறேன்."

"நீ வேண்டாம். நான் புடுங்கறேன்."

"நம்பிக்கை இல்லையா பெரியப்பா?"

"உன் மேல இருக்கு. உன் கை மேல இல்ல. பின்பக்கமா நீ என்ன இழுத்து விட்டேன்னு ஊருக்கே தெரியும்."

அகாய்தி சுவரில் சாய்ந்து நின்றார். அலமாரியில் நகல் இருந்தது. இந்த வீடியோ போனாலும் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் இது இன்று போனால், மற்ற எல்லாமே ஆக்லாந்து போகும். பச்சைக் கோடு பாதியைத் தாண்டியதும் தமருவா குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, பிளக்கை இழுத்தார். விசிறிகள் மெல்ல ஓய்ந்தன. திரை இருண்டது. வெளியே எங்கோ ஒரு சேவல் கூவியது.

"எவ்வளவு நேரம் விடணும்?"

"உங்க இஷ்டம் பெரியப்பா. நாளைக்கு வந்து சொருகினாலும் சரி."

தமருவா வெளியே போய், துறைமுகத்தில் சரக்கு இறக்குகிறவர்களோடு பேசி, யாரையோ எதற்கோ திட்டிவிட்டு, நிதானமாகத் திரும்பி வந்து பிளக்கைச் சொருகினார். கார்டின் திரை வந்தது. பாதியில் நின்றவை பத்திரமாக இருக்கின்றன, டிஸ்க்குகளில் எழுதியாகிவிட்டது என்று ஒரு வரி. எட்டு டிஸ்க்குகளும் பச்சை.

"இது அது சொல்றது. எனக்கு எப்படித் தெரியும்?"

தராரோ, நடுவில் நின்றுபோன அந்த வீடியோவை மீதியும் ஏற்றி முடித்து, ஓடவிட்டார். அகாய்தி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். மௌகே ஆட்டக் குழு, பழைய அரங்கம், மழை தூறுகிறது, முரசு அடிக்கிறார்கள். தமருவா கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பாதியைத் தாண்டியது. ஒரு படம் கூட உடையவில்லை, ஒரு தாளம் கூடத் தப்பவில்லை.

"நிறுத்தலாமா பெரியப்பா?"

"இரு. கடைசில எங்கயாவது தப்பு இருக்கும்."

கடைசிவரை பார்த்தார். பிறகு எழுந்து, சர்வரின் பின்பக்கம் போய், காற்று வரும் இடத்தில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

ஜூன் 14ஆம் தேதி கமிட்டி கூடியது. மூலப் பதிவுகள் அவருவாவிலேயே இருக்கும் என்றும், நகல் ஒன்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆக்லாந்துக்குப் போகும் என்றும் முடிவானது. தீர்மானத்தை முன்மொழிந்தவர் தமருவா. எதிர்த்து யாரும் கை தூக்கவில்லை.